சுவரும் சித்திரமும்

(மூன்றாம் ஆண்டு மாணவி, பொருளியல் துறை)

எழுத வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. ஆண்டு மலருக்குப் படைப்புகள் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டதும் துறைதோறும் கவிஞர்கள் தோன்றுகிறார்கள். படிப்பு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடினால் எத்தனை பேர் அகப்படுவர்? "இப்போதெல்லாம் எங்கே எழுதுவது? வேலைக்குப் போய் வரவே பொழுது சரியாக இருக்கிறது" என்ற விடைதான் பெரும்பாலும் கிடைக்கும். அந்த விடை பொய்யன்று. ஆனால் அதுவே முழு உண்மையா என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. சோறு, வாடகை, வீட்டாரின் நலம் இவையெல்லாம் சுவர். எழுத்து சித்திரம். சுவரைக் கட்டுவதிலேயே வாழ்நாள் கழிந்துவிட்டால் சித்திரம் எப்போது? சித்திரமே பெரிது என்று சுவரை மறந்துவிட்டால் அதை எங்கே தீட்டுவது? இந்த இரண்டுக்கும் நடுவே வழி உண்டா?

எனக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. காலையில் கல்லூரி. பிற்பகல் இரண்டரை மணியிலிருந்து இரவு ஒன்பதரை வரை தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் வேலை. அடையாற்றில் ஓர் அறை வீடு. அம்மா தெருமுனையில் இட்லி விற்பதால் எங்கள் வீட்டில் நான்கு மணிக்கே விளக்கு எரியும். சட்னி அரைத்து, குடங்களை நிரப்பி வைத்த பிறகு, தம்பி எழுந்திருக்கும் வரை எனக்கென்று முக்கால் மணி நேரம் இருக்கிறது. அந்த முக்கால் மணியில் நான் கதை எழுதுகிறேன். "அந்த நேரத்தில் தேர்வாணையத் தேர்வுக்குப் படித்தால் ஓர் உத்தியோகமாவது கிடைக்கும்" என்கிறார் பெரியப்பா. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவேதான், நமக்கு முன்னே இந்த ஊரில் வேலையும் பார்த்து, குடும்பமும் நடத்தி, எழுதவும் செய்தவர்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்று தேடிப் பார்த்தேன்.

மயிலையில் ஒரு வீடு

மயிலாப்பூரில் இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை எனப்படுவது அந்நாளில் எட்வர்டு எலியட்ஸ் சாலை. அங்கே 'பெருங்குளம் ஹவுஸ்' என்ற பெயரில் ஒரு வீடு இருந்தது. அதற்குரியவர் அ. மாதவையா. தமிழ் நாவலின் தொடக்கக் காலத்தைப் பற்றிப் படிப்பவர்கள் மாயூரம் வேதநாயகம் பிள்ளை, பி. ஆர். ராஜம் ஐயர் ஆகியோரை அடுத்து இவர் பெயரைக் காண்பர். திருநெல்வேலிச் சீமையின் பெருங்குளத்தில் 1872இல் பிறந்த மாதவையா, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்று, அரசாங்கத்தின் உப்பு, ஆப்காரித் துறையில் அதிகாரியானார்.

உப்பளங்களையும் சாராயத்தையும் கண்காணிக்கும் வேலைக்கும் இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு? மேசைமுன் அமர்ந்து பார்க்கும் வேலையும் அன்று அது. சுற்றுப்பயணம் மிகுந்த வேலை. வீட்டிலோ பெரிய குடும்பம். அப்படியிருந்தும் 'பத்மாவதி சரித்திரம்' 1898இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 26. தொடர்ந்து 'முத்துமீனாக்ஷி', 'விஜயமார்த்தாண்டம்' என்று தமிழிலும், 'தில்லை கோவிந்தன்', 'கிளாரிந்தா' என்று ஆங்கிலத்திலும் எழுதினார். இவை அனைத்தும் உத்தியோக காலத்தில் எழுந்தவை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1922இல் அவர் முழு நேரமும் எழுதுவதற்காகத் தாமாகவே ஓய்வு பெற்றார். 1924இல் 'பஞ்சாமிர்தம்' என்ற இதழைத் தொடங்கினார். பத்மாவதி சரித்திரத்தின் மூன்றாம் பாகத்தை அதில் எழுத ஆரம்பித்தார். 1925 அக்டோபர் 22ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப்பேரவைக் கூட்டத்தில், பட்ட வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிவிட்டு அமர்ந்தவர் அங்கேயே உயிர் நீத்தார். மூன்றாம் பாகம் முற்றுப்பெறவில்லை.

'எல்லாக் கடமையும் முடியட்டும், ஓய்வு பெற்ற பிறகு எழுதிக்கொள்வோம்' என்று இருப்பவர்கள் இந்த வரலாற்றைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். மாதவையாவுக்குக் கிடைத்த முழுநேரம் மூன்றே ஆண்டுகள்தாம். அதற்காக அவர் காத்திருந்திருப்பாரேயானால் தமிழ் நாவல் வரலாற்றில் அவருக்கு இடம் இருந்திருக்காது. சுற்றுப்பயணத்துக்கு இடையே கிடைத்த சில்லறை நேரமே அவருக்குப் பெயர் தந்தது.

அதே வீட்டில் வளர்ந்தவர் அவருடைய இளைய மகன் மா. கிருஷ்ணன். இயற்கை ஆராய்ச்சியாளர், ஒளிப்படக் கலைஞர். 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் தொடங்கிய ஒரு பத்தியைத் தாம் மறைந்த 1996 வரை, 46 ஆண்டுகள் எழுதினார். நீண்ட காலம் எழுதுவதற்கு ஊக்கத்தைவிட ஒழுங்கே துணை என்பதற்கு இவர் சான்று.

அரசுக் கல்லூரி ஆசிரியர் ஒருவர்

நம் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு முன்னோடி உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியரானார். சீவக சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. இந்தப் பதிப்புகள் எல்லாம் அக்கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே அவர் செய்தவை. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி 1919 வரை பணியாற்றினார். பகலில் வகுப்பு, மற்ற நேரத்தில் ஏட்டுச்சுவடி, விடுமுறையில் சுவடி தேடி ஊர் ஊராகப் பயணம். ஒரு சுவடியைப் படித்து, மற்றொன்றோடு ஒப்பிட்டு, பாடவேறுபாட்டைக் குறித்து, அச்சுத்தாளைத் திருத்தி என்று ஒவ்வொரு வேலையையும் சிறு சிறு கூறாக்கிக்கொள்ளக் கூடிய பணி அது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதை அவருடைய பதிப்புகள் மெய்ப்பித்தன.

செய்தித்தாளைக் கத்தரித்தவர்

இனித் தியாகராய நகருக்கு வருவோம். அசோகமித்திரன் 1931இல் செகந்தராபாத்தில் பிறந்தவர். இயற்பெயர் தியாகராஜன். தந்தையார் மறைந்த பின்னர் 1952இல் சென்னைக்கு வந்து எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த வேலை என்ன தெரியுமா? செய்தித்தாள்களிலிருந்து வேண்டிய செய்திகளைக் கத்தரித்து, தலைப்பு வாரியாகக் கோப்புகளில் சேர்ப்பது. நாள் முழுதும் தாளைக் கிழித்துக்கொண்டிருந்த அவரைப் பார்த்தவர்கள், இவருக்கு வேலையே இல்லை என்று எண்ணிக்கொண்டு, அவருடைய சிறு அறைக்குள் நுழைந்து நீண்ட நேரம் உபதேசம் செய்துவிட்டுப் போவார்களாம். இதை அவரே பின்னாளில் ஆங்கிலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் நகைச்சுவையோடு கூறியிருக்கிறார். அதன் ஒரு பகுதி மத்தியப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்றது.

வெளியார் கண்ணுக்கு வெட்டிவேலையாகத் தெரிந்த அந்த இருக்கையில் அமர்ந்து அவர் மனிதர்களைக் கவனித்தார். ஸ்டூடியோ என்பது ஒரு சிறிய உலகம். ஒப்பனை அறையில் இருந்தவர்கள், வாய்ப்புக்காகக் காத்திருந்தவர்கள், கணக்கு எழுதியவர்கள், வண்டி ஓட்டியவர்கள் என்று பலதரப்பட்டவரும் அங்கே நடமாடினர். அவர் 1966இல் ஜெமினியை விட்டு வெளியேறினார். சினிமாவின் பின்புற வாழ்க்கையைச் சொல்லும் 'கரைந்த நிழல்கள்' என்ற நாவல் 1969இல் வெளிவந்தது. திரையில் தெரியாத மனிதர்களே அதில் முக்கியமானவர்கள். வேலை அவருடைய நேரத்தை எடுத்துக்கொண்டது உண்மை. ஆனால் அதற்கு ஈடாகக் கதைப்பொருளைக் கொடுத்தது.

வேலையை விட்டபின் அவருடைய வாழ்க்கை எளிதாக இருந்ததா என்றால், இல்லை. 'கணையாழி' இதழின் ஆசிரியர் பொறுப்பில் நெடுங்காலம் உழைத்தார். வருவாய் குறைவு, வீடோ சிறியது. தியாகராய நகரில் பூங்காவில் போய் உட்கார்ந்தும் எழுதியவர் அவர். தண்ணீர் லாரிக்கும் குழாயடிக்கும் நடுவே சென்னைக் குடும்பங்கள் பட்ட பாட்டைச் சொல்லும் 'தண்ணீர்' நாவலை, அந்தப் பஞ்சத்தை வெளியிலிருந்து வேடிக்கை பார்த்த ஒருவர் எழுதியிருக்க முடியாது. 1996இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்று, 2017இல் மறையும் வரை அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

நான் கடையில் நிற்கும்போது இதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மகளின் திருமணத்துக்குப் புடவை எடுக்க வந்து, பிடித்த புடவையின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த நிறம் அவளுக்கு ஒத்து வராது" என்று மெல்ல மடித்து வைக்கும் தாயை நூலகத்தில் காண முடியுமா? கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. அந்த இருக்கையில் அமரக் கிடைக்கும் சில நிமிடங்களில் கேட்ட பேச்சைச் சிறு குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதி வைத்துக்கொள்ளலாம். காலையில் வெறுந்தாளோடு உட்காருவதற்கும் அந்த இரண்டு வரியோடு உட்காருவதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு.

கடிகாரமும் நள்ளிரவும்

வெளிநாட்டிலும் இப்படிப்பட்டவர்கள் இருந்தனர். ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப் அஞ்சல் துறையில் 1834 முதல் 1867 வரை பணியாற்றியவர். தெருவோரத்தில் அஞ்சல் பெட்டி வைக்கும் வழக்கத்தைப் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் புகுத்தியவர். அவர் விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசைமுன் அமர்ந்துவிடுவார். எழுப்பிவிடும் பணியாளுக்கு இதற்கென்றே ஆண்டுக்கு ஐந்து பவுன் கூடுதல் சம்பளம். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதுவார். காலைச் சிற்றுண்டிக்குமுன் அன்றைய எழுத்து வேலை முடிந்துவிடும். இவ்வாறு அவர் எழுதிய நாவல்கள் 47.

இதற்கு நேர்மாறானவர் பிராகு நகரத்துப் பிரான்சு காஃப்கா. தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் 1908இல் சேர்ந்தார். பிற்பகல் இரண்டு மணிக்கு அலுவலகம் முடியும். சற்று உறங்கி எழுந்து, வீட்டார் தூங்கிய பின் நள்ளிரவில் எழுதுவார். 'தீர்ப்பு' என்ற கதையை 1912 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு தொடங்கி விடிவதற்குள் ஒரே மூச்சில் முடித்தார். ஆயினும் வேலைக்கும் எழுத்துக்கும் இடையே தாம் கிழிபடுவதாக அவர் எப்போதும் வருந்தினார். காசநோயும் சேர்ந்துகொண்டது. 1922இல் ஓய்வு பெற்று, 1924இல் நாற்பதாம் வயதில் மறைந்தார்.

இருவரில் யார் வழி சிறந்தது? இலக்கியத்தின் தரத்தைக் கொண்டு இதற்கு விடை காண முடியாது. ஒன்றை மட்டும் கூறலாம்: டிரோலப்பின் வழியை நாம் கற்றுக்கொள்ளலாம், காஃப்காவின் இரவு கற்றுக்கொடுத்து வருவதன்று. இரவில் நெடுநேரம் விழித்து எழுதுவோருக்கு மறுநாள் வகுப்பும் போகும், உடம்பும் போகும். உடம்பும் ஒரு சுவர்தானே!

நம்மூரிலும் நாள்தோறும் அலுவலகம் சென்றுகொண்டே எழுதியவர்கள் பலர். லா. ச. ராமாமிருதம் வங்கியில் வேலை பார்த்தார். தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னர் அகில இந்திய வானொலியில் கல்வி ஒலிபரப்பைக் கவனித்தார். கவிஞர் ஞானக்கூத்தன் பொதுப்பணித் துறையிலும், 'சாயாவனம்' எழுதிய சா. கந்தசாமி இந்திய உணவுக் கழகத்திலும் பணியாற்றினர். பின்னாளில் மயிலாப்பூரில் வாழ்ந்த சுஜாதா, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பொறியாளராக இருந்துகொண்டே வார இதழ்களில் தொடர்கதை எழுதியவர். தமிழ் இலக்கியத்தின் பெரும்பகுதி வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டவர்களால் எழுதப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

வீட்டுக் கணக்கு

இதுவரை கூறியவர்களுள் பெண் ஒருவரும் இல்லை என்பதைத் தோழியர் கவனித்திருப்பீர்கள். அலுவலகத்துக்குச் சென்ற எழுத்தாளருக்கு வீட்டில் சமையல் ஆகிவிடும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விழித்திருக்க ஒருவர் இருப்பார். அந்த ஒருவருடைய நேரம்தான் எழுத்தாளருடைய நேரமாக மாறுகிறது. பொருளியல் மாணவி என்ற முறையில் இந்தக் கணக்கை நான் விட்டுவிட முடியாது. செலவு இல்லாமல் எந்த வரவும் இல்லை.

சி. சு. செல்லப்பா 1959இல் திருவல்லிக்கேணியிலிருந்து 'எழுத்து' இதழைத் தொடங்கினார். புத்தகங்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். அவருடைய மனைவியின் நகைகளும் அந்த இதழுக்கே போயின என்பதை இலக்கிய உலகம் அறியும். தமிழ்ப் புதுக்கவிதையும் திறனாய்வும் வளர்ந்த வரலாற்றில் அந்த அம்மையாரின் பங்கை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

பெண்கள் எழுதியபோது இந்தக் கணக்கை வேறு விதமாகத் தீர்த்தார்கள். வை. மு. கோதைநாயகி அம்மாள் 1901இல் பிறந்து, ஐந்தரை வயதில் மணம் செய்விக்கப்பட்டவர். தொடக்கத்தில் அவருக்கு எழுதும் பழக்கம் இல்லை. வாயால் சொல்லிவர, தோழி பட்டம்மாள் எழுதிக்கொள்ள, முதல் நூலாகிய 'இந்திர மோகனா' உருவாயிற்று. 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தினார். அவர் எழுதிய நாவல்கள் 115. ராஜம் கிருஷ்ணனுக்குப் பதினைந்து வயதில் திருமணம். பெரிய கூட்டுக் குடும்பம். மின்துறைப் பொறியாளரான கணவருடன் நீலகிரியில் வாழ்ந்தபோது படகர் வாழ்வைக் கூர்ந்து கண்டு 'குறிஞ்சித்தேன்' எழுதினார். கணவரின் மாற்றலைக்கூடத் தம் களஆய்வாக ஆக்கிக்கொண்டார். 'லட்சுமி' என்ற பெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரியோ, சென்னையில் மருத்துவம் படிக்கும்போது படிப்புச் செலவுக்காகவே ஆனந்த விகடனில் கதை எழுதினார். எழுத்து இவருக்குச் சித்திரமாகவும் இருந்தது, சுவராகவும் இருந்தது.

இவர்கள் மூவரிடத்தும் நாம் காண்பது ஒரே பண்பு. தனி அறையும் அமைதியும் கிடைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. ஆனால் இதைச் சொல்லிப் பெண்கள் எல்லாவற்றையும் தாமே சுமக்க வேண்டும் என்று முடிவு கட்டுவது தவறு. எங்கள் வீட்டில் என் தம்பி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். வாரத்தில் இரண்டு நாள் அவன் குடங்களை நிரப்புகிறான். அந்த இரண்டு நாளில் என் முக்கால் மணி ஒரு மணி ஆகிறது. சட்டமும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்; கேட்டதற்குச் செய்தான்.

நாம் செய்யக் கூடியவை

மேலே கண்டவற்றிலிருந்து நம்மைப் போன்ற மாணவர்களுக்கு ஏற்ற சில முறைகளைத் தொகுத்துக் கூற விரும்புகிறேன்.

முதலாவது, நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்வது. இன்று என்ன எழுதலாம் என்பதை அப்புறம் யோசிக்கலாம். எப்போது, எங்கே என்பது மாறக் கூடாது. வீட்டில் இடமில்லாதவர்களுக்குப் பூங்கா உண்டு. 2010இல் திறக்கப்பட்ட கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல்களைக் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பகுதி இருக்கிறது.

இரண்டாவது, அளவைச் சிறிதாக வைத்துக்கொள்வது. நாளுக்கு 200 சொற்கள் என்பது ஒரு பக்கத்துக்கும் குறைவு. ஆண்டில் தேர்வு நாள், திருவிழா, காய்ச்சல் என்று 65 நாள் போனாலும் மீதி 300 நாளில் 60,000 சொற்கள் ஆகின்றன. அது ஒரு நாவல். நாளுக்கு 2,000 சொற்கள் என்று சபதம் செய்பவர்கள் பெரும்பாலும் நான்காம் நாள் நின்றுவிடுகிறார்கள்.

மூன்றாவது, முதல்நாள் எழுத்தை முடிக்கும்போதே மறுநாள் தொடங்கவேண்டிய இடத்தை ஒரு வரியில் குறித்துவைப்பது. முக்கால் மணி மட்டுமே உள்ளவர்களுக்கு 'எங்கே விட்டோம்' என்று தேடுவதில் கால் மணி போனால் பெரிய நட்டம்.

நான்காவது, எழுதும் நேரத்தையும் திருத்தும் நேரத்தையும் பிரித்துக்கொள்வது. அதிகாலையில் எழுதுவதைப் பேருந்தில் நின்றபடி எழுத முடியாது. ஆனால் எழுதியதை மனத்துக்குள் திருப்பிப் பார்த்து, வேண்டாத சொல்லைக் களையப் பேருந்திலும் முடியும்.

ஐந்தாவது, வீட்டாரிடம் சொல்லிவிடுவது. மறைத்து எழுதுகிறவர்களுக்குத் தொல்லை மிகுதி. எழுதுவது இன்னது, இத்தனை நேரம் என்று தெரிந்தால் வீட்டாரே காவலாகவும் அமைவர்.

நிறைவாக

பெரியப்பாவுக்கு என் விடை இதுதான். தேர்வாணையத் தேர்வுக்கும் நான் படிக்கிறேன். அதற்கு ஞாயிற்றுக்கிழமைப் பகல் இருக்கிறது. உத்தியோகம் கிடைத்தால் மகிழ்ச்சியே. மாதவையாவுக்கு உப்புத் துறை தடையாகவில்லை. எனக்கு வருவாய்த் துறையோ, கருவூலமோ ஏன் தடையாக வேண்டும்? ஆனால் உத்தியோகம் கிடைத்த பிறகுதான் எழுதுவது என்பதற்கு மட்டும் நான் இசையமாட்டேன்.

ஓய்வும் வசதியும் உள்ளவர்கள் மட்டுமே எழுதுவார்களானால், அவர்கள் கண்ணில் பட்ட உலகம் மட்டுமே ஏட்டில் ஏறும். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்த தாயும், நான்கு மணிக்கு மாவுப் பாத்திரத்தைத் திறக்கும் கையும் ஏட்டில் ஏற வேண்டுமானால், அவற்றின் அருகில் இருப்பவர்கள்தாம் எழுத வேண்டும். அரசுக் கல்லூரிகளில் படிக்கும் நம்மில் பெரும்பாலோர் அருகில் இருப்பவர்களே. சுவர் முழுதும் கட்டி முடியட்டும் என்று காத்திராமல், எழும்பிய அளவுக்கு ஒரு கோடேனும் இழுத்து வைப்போம். அடுத்த ஆண்டு மலருக்கும், அதற்குப் பின் வரும் ஆண்டுகளுக்கும் அது உதவும்.